மூணாம் ஃபாரம் மட்டும் படித்தவள்

அந்த அச்சகத்தின் பைண்டிங் ஹாலுக்குள் போய் "மூணக்கா எங்கே?" என்று கேட்டால் போதும், பத்துக் கைகள் ஒரே திசையைக் காட்டும். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கும் மாதக் கடைசியில்தான் ஞாபகம் வரும். மற்றவர்களுக்கெல்லாம் அவள் மூணாம் ஃபாரம் அக்கா. அதை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிப்போகிறது என்று யாரோ சுருக்கி மூணக்கா ஆக்கிவிட்டார்கள்.

ஃபாரம் என்றால் நீங்கள் ஆபீசில் நிரப்பிக் கொடுக்கிற சமாச்சாரம் இல்லை. ஒரு பெரிய தாளில் இரண்டு பக்கமும் அச்சடித்து, மடித்து, மறுபடி மடித்தால் பதினாறு பக்கம் வரும். அச்சகத்தில் அதுதான் ஒரு ஃபாரம். இப்படிப் பத்துப் பன்னிரண்டு ஃபாரங்களை வரிசையாகச் சேர்த்து, முதுகில் பசை போட்டு, அட்டை ஒட்டி, ஓரம் வெட்டினால் புத்தகம். சேர்ப்பதற்கு ஒரு நீள மேசை. அதன் ஓரத்தில் பெண்கள் வரிசையாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கு ஒரு ஃபாரம். முதல் ஆள் தன்னுடையதை எடுத்துத் தள்ள, அடுத்த ஆள் அதற்கு அடியில் தன்னுடையதைச் செருகித் தள்ள, மேசையின் கடைசிக்குப் போகும்போது புத்தகம் முழுசாகியிருக்கும். மூன்றாவது ஸ்டூல் நம் மூணக்காவுடையது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதே ஸ்டூல்தான்.

அந்த அச்சகத்துக்கு வருவதெல்லாம் முக்கால்வாசி முன்னேற்றப் புத்தகங்கள். விடியற்காலையில் எழுந்தால் வெற்றி, சிரித்தால் வெற்றி, சும்மா இருந்தால்கூட வெற்றி. ஊரில் இத்தனை பேர் முன்னேறத் துடிக்கிறார்கள், ஆனாலும் பஸ்ஸில் ஏறினால் எல்லா முகமும் உம்மென்றுதான் இருக்கிறது! அது நமக்கு எதற்கு? பசை மெஷின் சூடாகிற வரைக்கும் கைக்கு வேலை இருக்காது. மற்றவர்கள் ஊர்க்கதை பேசுவார்கள். மூணக்கா தன் மடியில் இருக்கிற ஃபாரத்தை எடுத்துப் படிப்பாள். தன்னுடையதை மட்டும். முப்பத்து மூன்றாம் பக்கத்தில் ஆரம்பித்து நாற்பத்தெட்டில் முடிப்பாள். எந்தப் புத்தகத்தையும் அதற்கு முன்னாலும் படித்ததில்லை, பின்னாலும் படித்ததில்லை.

கேட்டால் அதற்கு ஒரு தத்துவம் வைத்திருந்தாள்.

"முதல் ஃபாரத்துல, நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமான்னு அழுவாரு. ரெண்டாவதுல, இப்ப நான் எவ்வளவு பெரிய ஆளு தெரியுமான்னு பெருமை பீத்திக்குவாரு. மூணாவதுலதான், சரி, நீ என்ன பண்ணணும்னு விஷயத்துக்கு வருவாரு. நாலுல இருந்து சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லுவாரு. புத்தகம் குண்டாத் தெரியணுமில்ல?"

இதை யாராலும் மறுக்க முடியவில்லை. முதல் ஸ்டூல்காரி எந்நேரமும் மூக்கைச் சிந்திக்கொண்டுதான் இருந்தாள். அத்தனை ஆசிரியர்களின் வறுமையும் அவள் மடியில்தானே வந்து விழுகிறது!

படிப்பதோடு விட்டால் பரவாயில்லை. மூணக்கா படித்ததை அப்படியே செய்வாள். அங்கேதான் வினை. சிரிப்புப் புத்தகம் வந்த வாரம் பார்க்கிறவர்களையெல்லாம் பார்த்து ஈ என்று பல்லைக் காட்டினாள். பஸ்ஸில் ஒருவர் பயந்துபோய் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டார். காது கொடுத்துக் கேளுங்கள் என்ற புத்தகம் வந்தபோது நான்காவது ஸ்டூல்காரிக்கு அடித்தது யோகம். அவளுக்கு ரேடியோ என்று பெயர். ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூணக்கா குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்கக் கேட்க, ரேடியோ பேசிப் பேசி, அந்த வாரக் கடைசியில் தொண்டை கட்டிப்போய் மருந்து வாங்கினாள். "ஆறு மாதமாகத் தொடாத பொருளைத் தூக்கிப் போடுங்கள்" என்று ஒரு புத்தகம் சொன்னது. மூணக்கா குடியிருப்பது தம்பி வீட்டில். ஹாலில் கால் ஆடுகிற பழைய நாற்காலி ஒன்று கிடந்தது. அவள் அதைத் தொட்டு ஆறு மாசத்துக்கு மேல் இருக்கும். அதைப் பழைய சாமான்காரனுக்குக் கொடுத்துவிட்டாள். ராத்திரி கரண்ட் இல்லாத நேரத்தில் வேலை முடிந்து வந்த தம்பி, வழக்கம்போல அதில் உட்கார்ந்தான். நாற்காலி இல்லை. தரை இருந்தது.

"அக்கா, நீ முன்னேறு, எவ்வளவு வேணாலும் முன்னேறு. என் இடுப்பை ஏன் இழுக்கிற?" என்று அவன் படுத்த இடத்திலிருந்தே கத்தினான்.

இன்னொரு சங்கடம் உண்டு. பதினாறு பக்கம் முடிகிற இடத்தில் வாக்கியமும் முடிய வேண்டும் என்று சட்டம் இல்லையே. ஒரு புத்தகத்தின் நாற்பத்தெட்டாம் பக்கம், "காலையில் எழுந்தவுடன் குளிர்ந்த நீரில் உங்கள் முகத்தை" என்று நின்றுபோனது. முகத்தை என்ன செய்வது? மூணக்கா யோசித்தாள். கழுவுவதைச் சொல்ல ஒரு புத்தகமா எழுதுவார்கள்? முக்கச் சொல்கிறார் என்று முடிவு கட்டி, தினமும் விடிகாலையில் வாளித் தண்ணீருக்குள் தலையை விட்டு மூச்சடக்கி நின்றாள். முதல்நாள் பார்த்த தம்பி பொண்டாட்டி போட்ட கூச்சலில் தெருவே விழித்துக்கொண்டது. ரேடியோவின் ஃபாரத்தில் அடுத்த வார்த்தை "கழுவிக்கொள்ளுங்கள்" என்றுதான் இருந்தது. அதை அவள் சொன்னபோது வாரம் முடிந்திருந்தது. மூணக்கா வருத்தப்படவில்லை. "பரவாயில்ல, தூக்கம் நல்லாக் கலைஞ்சுது" என்றாள்.

இப்படி எத்தனையோ மாறிய மூணக்கா ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மாறவில்லை. அந்த விஷயம் ஹாலின் கடைசியில், ஜன்னலோரமாக, கட்டிங் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தது.

கட்டிங்காரர் மனைவியை இழந்தவர். ஒரே மகள், கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். பேச்சு என்பதே கிடையாது. "சாப்பிட்டீங்களா?" என்றால் "ம்". "மழை வரும்போல இருக்கே?" என்றால் வானத்தைப் பார்த்துவிட்டு "ம்". ஹாலில் எல்லோரும் மூணக்காவை நீ, வா, போ என்பார்கள். அவர் ஒருவர்தான் அபூர்வமாக வாய் திறக்கும்போது "நீங்க" என்பார். அவளுடைய ஸ்டூலில் ஒரு கால் கட்டை. வெட்டி விழுந்த காகிதத் துண்டுகளைக் கனமாக மடித்து, திங்கட்கிழமை காலையில் அவள் வருவதற்கு முன்னாலேயே அந்தக் காலுக்கு அடியில் வைத்திருப்பார். வாரம் முழுக்க அவள் உட்கார்ந்து எழுந்து அது நசுங்கிப்போகும். அடுத்த திங்கள் புதுசு இருக்கும். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மூணக்காவுக்கு அவர்மேல் பிரியம். சுற்றி வளைப்பானேன், காதல்தான். நாற்பது தாண்டியவளுக்கு என்ன காதல் என்று முகம் சுளிக்கிறவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போய்விடலாம், நமக்கு நஷ்டமில்லை. டீ நேரத்தில் அவர் ஜன்னலோரம் நின்று குடிக்கும்போது, இவள் கையில் டம்ளரை வைத்துக்கொண்டு குடிக்க மறந்துபோவாள். எந்தப் புத்தகம் வந்தாலும் முதல் வேலையாக, இதில் அதற்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடுவாள். சீக்கிரம் எழ வழி இருந்தது, கோபத்தை அடக்க வழி இருந்தது, கூட்டத்தில் கைகுலுக்க வழி இருந்தது. ஒரு மனிதர் முன்னால் போய் நின்று "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு" என்று சொல்ல மட்டும் எந்த மூணாம் ஃபாரத்திலும் வழி இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு புதன்கிழமை ஃபோர்மேன் வந்து, காய்கறி விலை சொல்கிற மாதிரி சர்வசாதாரணமாகச் சொன்னார்.

"சனிக்கிழமையோட நம்ம கட்டிங்காரர் நின்னுக்கிறாரு. மகள் வீட்டுக்கே போய் இருக்கப்போறாராம். திங்கள்ல இருந்து வேற ஆள் வர்ற வரைக்கும் மெஷின் பக்கம் யாரும் போகாதீங்க."

மூணக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அன்றைக்கு அவள் செருகியதில் பாதி தலைகீழாகப் போயிற்று. ரேடியோ சத்தம் போடாமல் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள். அதிசயம்தான்.

மறுநாள் மேசைக்குப் புதுப் புத்தகம் வந்தது. அட்டையில் கொட்டை எழுத்தில் "வாய் திறந்தால் வழி திறக்கும்" என்று இருந்தது. ஆசிரியர் ஒரு பெரிய பேச்சாளராம். ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழாவாம். சனிக்கிழமைக்குள் முடித்துத் தர வேண்டுமாம். மூணக்கா முப்பத்து மூன்றாம் பக்கத்தைப் பிரித்தாள். பிரித்தவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மனத்தில் ஒருவர்மேல் அன்பை வைத்துக்கொண்டு சொல்லாமல் காலம் தள்ளுகிறவர்களைப் பற்றித்தான் பதினாறு பக்கமும்! அவளையே பக்கத்தில் உட்கார வைத்து எழுதினமாதிரி இருந்தது. நாற்பத்தெட்டாம் பக்கத்தின் கடைசி வரிகளை அவள் உதடு அசையப் படித்தாள்:

"யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடமே போங்கள். சுற்றி வளைக்காதீர்கள். மனத்தில் இருப்பதை நாளைக்கே சொல்லிவிடுங்கள். ஆனால்"

அவ்வளவுதான். பக்கம் முடிந்தது. ஃபாரம் முடிந்தது.

"ஆனாலா?" என்றாள் மூணக்கா, வாய்விட்டு. "ஏய், உன் ஃபாரத்தைக் குடு. முதல் வரி என்னன்னு பாரு."

"எங்கிட்ட ஏது ஃபாரம்?" என்று ரேடியோ காலி மடியைக் காட்டினாள். நாலாம் ஃபாரத்தை அச்சடிக்க வேண்டிய தகட்டில், அதாவது பிளேட்டில், கீறல் விழுந்து, அச்சடிக்கும் முன்பே அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். புதுப் பிளேட் வெளியிலிருந்து வர வேண்டும். வந்து, அடித்து, காய்ந்து, மடித்து மேசைக்கு வர நாளை மத்தியானம் ஆகும். அதுவரை மற்ற ஃபாரங்களெல்லாம் மேசையில் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

வேறு சமயமாக இருந்தால் மூணக்கா அந்த ஆனாலை ஊதித் தள்ளியிருப்பாள். நாலாம் ஃபாரத்திலிருந்து சொன்னதையே சொல்வார்கள் என்பது அவளுடைய தத்துவம் அல்லவா? ஆனால் இது வாளித் தண்ணீர் சமாச்சாரம் இல்லையே. முகத்தை முக்கி எடுத்தால் துடைத்துக்கொள்ளலாம். இதைத் தப்பாகச் சொல்லி வைத்தால் துடைக்க முடியுமா? அவர் முகத்தில் ஒரு சுளிப்பைப் பார்த்துவிட்டால் அப்புறம் அந்த ஸ்டூலில் எப்படி உட்காருவது?

வேலை இல்லாத ஹாலில் இந்த ஆனால் ஒரு விளையாட்டாகிவிட்டது. மூணக்கா, "சும்மா பொதுவாக் கேக்கிறேன், அதுக்கு மேல என்ன இருக்கும்னு நினைக்கிறீங்க?" என்றாள். பொதுவாகவாம்! அவள் பார்வை எங்கே போகிறது என்று ஹாலில் இருக்கிற பசை டப்பாவுக்குக்கூடத் தெரியும்.

"ஆனால், வேலை நேரத்துல சொல்லாதீங்கன்னு போட்டிருப்பாரு" என்றார் ஃபோர்மேன்.

"ஆனால், அழாமச் சொல்லுங்கன்னு இருக்கும்" என்றாள் முதல் ஸ்டூல்காரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அதெல்லாம் இல்ல. ஆனால், தலைவாரி, பவுடர் போட்டுக்கிட்டு, நல்ல புடவையா ஒண்ணு கட்டிக்கிட்டுப் போய்ச் சொல்லுங்க. இதான் இருக்கும். நான் பெட் கட்டுறேன்" என்றாள் ரேடியோ.

பசை மெஷின்காரர் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனால், அவங்களுக்கு இஷ்டம் இல்லைன்னா பெரிசா எடுத்துக்காதீங்கன்னு இருக்கலாம்" என்றார். நல்ல மனிதர்தான். எங்கே எதைச் சொல்வது என்று தெரியாது. சிரிப்பு நின்றுபோயிற்று. ரேடியோ அவரை முறைத்த முறைப்பில் அவர் பசை கிண்டப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மூணக்கா வீட்டில் குட்டி போட்ட பூனையாகச் சுற்றி வந்தாள். கண்ணாடி முன்னால் நின்று, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பிப்பாள். "ஆனால்" என்று கண்ணாடி சொல்வதுபோல இருக்கும். வாயை மூடிக்கொள்வாள். தம்பி மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, அத்தைக்குப் புதுப் புத்தகம் வந்திருக்கு, நாற்காலியெல்லாம் எடுத்து உள்ள வெச்சுடு" என்று சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எழுத்தாளரே வந்துவிட்டார். பளபளவென்று சட்டை, கையில் இரண்டு ஃபோன், நெற்றியெல்லாம் வியர்வை. "ஞாயித்துக்கிழமை விழா! மந்திரி வர்றாரு! புத்தகம் எங்கேய்யா?" என்று வாசலிலிருந்தே ஆரம்பித்தார். ஃபோர்மேன் பிளேட் கதையைச் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார். மூணக்காவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று. எழுதின மனிதரே நேரில் நிற்கும்போது நாலாம் ஃபாரம் எதற்கு? ஃபாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று போய் அவர் முன்னால் நின்றாள்.

"சார், ஒரு சந்தேகம். இந்த ஆனாலுக்கு அப்புறம் என்ன வருது?"

"எந்த ஆனால்?"

காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார். முகத்தில் ஒரு குழப்பம் வந்தது.

"நல்லாத்தான் எழுதியிருக்கேன்" என்றார். "அதுக்கு மேல... ஆனால்... ஆனால், பொறுமையா இருங்கன்னு எழுதியிருப்பேனோ?"

"என்ன சார், சொல்லிடுங்கன்னு எழுதிட்டு உடனே பொறுமையா இருங்கன்னா எழுதுவாங்க?"

"அப்படியும் எழுதியிருக்க மாட்டேன்தான். ஞாபகம் இல்லம்மா. எழுதி ரெண்டு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் நாலு புத்தகம் எழுதிட்டேன். எல்லாம் வீட்டுல கம்ப்யூட்டர்ல இருக்கு."

"சரி சார், எழுதினதை விடுங்க. நீங்க இந்த மாதிரி யார்கிட்டயாவது போய்ச் சொன்னீங்க இல்ல? அப்ப என்ன பண்ணுனீங்க?"

எழுத்தாளர் அக்கம்பக்கம் பார்த்தார். ஃபோர்மேன் டீ சொல்லப் போயிருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொன்னதில்ல, உங்ககிட்ட சொல்றேன். நான் எழுதுறதோட சரிம்மா. காலேஜ்ல ஒரு பொண்ணு இருந்தா. அவகிட்ட சொல்லணும்னு மூணு வருஷம் நினைச்சேன். கடைசியில அவ கல்யாணத்துல பந்தி பரிமாறினேன். அந்த வயித்தெரிச்சல்லதான் இதை எழுதினதே."

மூணக்கா அவரை ஒரு கணம் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வயிற்றின் அடியிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், அடக்க அடக்க மேலே ஏறி, கடைசியில் வெடித்துவிட்டது. ஹாலே திரும்பிப் பார்த்தது. எழுத்தாளருக்கும் முதலில் கோபம் வந்து, பிறகு உதடு கோணி, அவரும் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டார். இத்தனை வருஷமாக ஏதோ மலை உச்சியில் நின்று சொல்கிறார்கள் என்று யாரை நினைத்தாளோ, அவர்களும் ஸ்டூலில் உட்கார்ந்து நடுங்குகிற ஜாதிதானா! அப்படியென்றால் இனி யாரைக் கேட்க என்ன இருக்கிறது?

"நீங்க டீ குடிங்க சார், இதோ வர்றேன்" என்று ஃபாரத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு மூணக்கா திரும்பினாள். ஜன்னல் பக்கம் நடந்தாள். ரேடியோ பாதி வார்த்தையில் நின்றாள். முதல் ஸ்டூல்காரி மூக்குச் சிந்துவதை நிறுத்தினாள்.

கட்டிங்காரர் பழைய வேலை ஒன்றை முடித்துக்கொண்டிருந்தார். அந்த மெஷினில் இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் கத்தி இறங்கும். ஒரு கையை எடுத்தாலும் கத்தி அந்தரத்தில் நின்றுவிடும். கை வெட்டுப்படாமல் இருக்க அந்த ஏற்பாடு. அவர் இரண்டு பொத்தானிலும் கை வைத்திருந்தபோது மூணக்கா எதிரில் வந்து நின்றாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ம்?"

"நீங்க போகக் கூடாது."

அவர் பார்த்தார். கத்தி பாதியில் நின்றது. ஒரு கை பொத்தானை விட்டிருந்தது.

"ஏன்னா, எனக்கு உங்களை..." என்று ஆரம்பித்தாள் மூணக்கா. அதற்கு மேல் தொண்டை அடைத்துக்கொண்டது. நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. கண் முழி பிதுங்க, வாயைத் திறந்து திறந்து மூடினாள். காற்றுதான் வந்தது. இருமல் வந்தது. இத்தனை தூரம் வந்துவிட்டு இப்படியா ஆக வேண்டும் என்று அழுகை வேறு வந்தது. கட்டிங்காரர் இன்னொரு கையையும் எடுத்தார். ஜன்னல் திட்டிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். மடக் மடக்கென்று பாதியைக் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப நாளா. ஒரு ரெண்டு வருஷமா, இல்ல, அதுக்கும் மேல. திங்கட்கிழமை காலையில ஓடி வர்றதே அந்தக் காகிதத்தைப் பாக்கத்தான். நீங்க மகள் வீட்டுக்குப் போனா யார் தடுக்கிறது, போகலாம், வரலாம். ஒரேயடியாப் போயிடாதீங்க. என்னைக் கட்டிக்கிறீங்களா? என் தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன். ஏற்கெனவே ஒரு தடவை அவன் இடுப்பை உடைச்சிருக்கேன், பயந்து ஒத்துக்குவான்."

கடைசி வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. எழுத்தாளர் டீ டம்ளரை வாய்க்கும் சட்டைக்கும் நடுவில் பிடித்தபடி நின்றார்.

கட்டிங்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"நான் ஏன் போறேன்னு நினைச்சீங்க?" என்றார். "மகள் ஒண்ணும் வரச் சொல்லல. நானாத்தான் கேட்டேன். தினம் தினம் உங்களைப் பாத்துக்கிட்டு, ஒண்ணும் சொல்லாம நிக்க முடியல. நீங்க வாரம் ஒரு மாதிரி மாறிட்டே இருக்கீங்க. நான் நின்ன இடத்துலயே நிக்கிறேன். சொல்லவும் வாய் வரல. தூரமாப் போயிட்டாத் தேவலைன்னு தோணுச்சு."

அந்த ஹாலில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"அப்ப?" என்றாள் மூணக்கா.

"போகல" என்றார்.

ரேடியோ "ஐயோ!" என்று ஒரு கூச்சல் போட்டாள் பாருங்கள். மேசையில் அடுக்கியிருந்த ஐந்தாம் ஃபாரம் சரிந்து தரையெல்லாம் பரவியது. யாரும் எடுக்கவில்லை. முதல் ஸ்டூல்காரி தாராளமாக அழுதாள். முதல் தடவையாக அடுத்தவர் வறுமைக்காக இல்லாமல் அழுகிறாள், அழட்டும். ஃபோர்மேன் ஓடிவந்து, "வேலை நேரத்துல என்ன இது?" என்று கேட்டுவிட்டு, விஷயம் தெரிந்ததும், "அப்ப திங்கட்கிழமைக்குப் புது ஆள் தேட வேண்டியதில்ல!" என்று எல்லோரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டார். எழுத்தாளர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தன் புத்தகத்தின் மூணாம் ஃபாரத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

மத்தியானம் நாலாம் ஃபாரம் மேசைக்கு வந்தது. எல்லோரும் ரேடியோவைச் சுற்றி மொய்த்தார்கள். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, செய்தி வாசிக்கிற மாதிரி வாசித்தாள்: "அதற்கு முன்னால் மறக்காமல் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் தொண்டை வறண்டுபோகும்."

"தண்ணியா!" என்று மூணக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு டம்ளர் தண்ணிக்கா ராத்திரி பூரா தூங்காம உருண்டேன்?"

"நல்ல யோசனைதானேம்மா?" என்றார் எழுத்தாளர், கொஞ்சம் ரோஷத்தோடு. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது எல்லோருக்கும்.

அன்றைக்கு வேலை ஓடிய லட்சணத்தைக் கேட்காதீர்கள். எப்படியோ ஓடியது. டீ நேரத்தில் கட்டிங்காரர் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். அழைப்பதும் இல்லை, சட்டைப் பையில் போடுவதும் இல்லை. மூணக்கா பக்கத்தில் போய் நின்றாள்.

"மகள்கிட்ட சொல்லணும்" என்றார். "பெட்டியெல்லாம் அனுப்பியாச்சு. ரூம் ஒழிச்சு வெச்சிருக்கா. எப்படிச் சொல்றதுன்னு..."

"குடுங்க. நான் சொல்றேன்."

அவர் வேண்டாம் என்பதற்குள் ஃபோனை வாங்கி அழைத்துவிட்டாள். மணி அடிக்கும்போதுதான் யோசனை வந்தது. அம்மா இருந்த இடத்துக்கு ஒருத்தி வருகிறாள் என்றால் எந்த மகளுக்குத்தான் நெஞ்சு வலிக்காது? இவர் போகல என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் ஒரு வார்த்தை வேண்டாம் என்றால், நாளைக்கே மறுபடி போறேன் என்பார். அப்படிப்பட்ட அப்பாதான் அவர். மறுமுனையில் "சொல்லுப்பா" என்று குரல் கேட்டது.

"அப்பா இல்லம்மா. நான் அவர்கூட வேலை செய்றேன். பைண்டிங்ல. என்னை மூணக்கான்னு சொல்லுவாங்க. உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும்..."

"மூணக்காவா!" அந்தக் குரல் துள்ளியது. "நீங்களா! என்னங்க, எதுவும் கேக்குறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கட்டுமா? நன்றி சொல்லுங்கன்னு ஒரு புத்தகம் வந்தப்ப, நீங்க கட்டிங் மெஷினுக்குக் கை கூப்பி நன்றி சொன்னீங்களாமே, நிஜமா? அப்பா அதைச் சொல்லிச் சொல்லி அன்னைக்கு ஒரு மணி நேரம் சிரிச்சாரு!"

மூணக்கா அவரைப் பார்த்தாள். அவர் அவசரமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"உங்க அப்பாவா? சிரிச்சாரா?"

"அம்மா போனதுக்கு அப்புறம் அப்பா பேசுறதையே விட்டுட்டாருங்க. ஃபோன் பண்ணா ம், ம்னு வெச்சுடுவாரு. நான் அழுதுருக்கேன். அப்புறம் ஒரு நாள் அவராவே கூப்பிட்டு, இங்க ஒருத்தங்க வாளிக்குள்ள தலையை விட்டுட்டாங்களாம்னு ஆரம்பிச்சாரு. அன்னையில இருந்து ஞாயித்துக்கிழமை ஆனா உங்க கதைதான். நாங்க வீட்டோட ஸ்பீக்கர்ல போட்டுக் கேப்போம். எங்க அப்பாவை எனக்குத் திருப்பிக் குடுத்ததே நீங்கதான். அவர் இங்க வந்துட்டா இனி யார் கதையைச் சொல்லுவாருன்னுதான் எனக்குக் கவலையா இருந்துச்சு. சரி, நீங்க என்னமோ கேக்கணும்னீங்களே, கேளுங்க."

மூணக்காவுக்குக் கேட்க வாய் வரவில்லை. இந்தத் தடவை தண்ணீர் குடித்தாலும் வராது. முகம் கோணி, கண்ணீர் வழிந்து, அதற்கு நடுவில் சிரிப்பும் வந்து, ஒன்றும் செய்யத் தோன்றாமல் ஃபோனை அவரிடம் நீட்டினாள்.

கட்டிங்காரர் வாங்கிக் காதில் வைத்தார்.

"அழறாங்க" என்றார். "இல்ல, சிரிக்கிறாங்க. ரெண்டும்தான்னு நினைக்கிறேன். நான் அங்க வரலம்மா... என்னவா? அது பெரிய கதை. வீட்டுல எல்லாரையும் கூப்பிடு. ஸ்பீக்கர்ல போட்டாச்சா? இரு, முதல்ல இருந்து சொல்றேன். நேத்து ஒரு புத்தகம் வந்துச்சு..."

ஜன்னல் திட்டில் சாய்ந்துகொண்டு, கையை ஆட்டி ஆட்டி, எழுத்தாளர் குரலில் ஒரு வரி, ரேடியோ குரலில் ஒரு வரி என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். டீ நேரம் முடிந்த மணி அடித்தது. ஹாலில் ஒருத்தரும் ஸ்டூலுக்குத் திரும்பவில்லை. ஃபோர்மேன்கூட, கையைக் கட்டிக்கொண்டு, அடுத்தது என்ன என்று கேட்டு நின்றார்.